பெரிய வாய்க்காலுக்கு மேற்கே

விடுமுறை நாள் காலைகளில், வெயில் ஏறுமுன்பே, புதுச்சேரி துய்மா வீதிக்குக் கேமராக்கள் வந்துவிடுகின்றன. மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, மதிலைத் தாண்டி வழியும் காகிதப்பூ. அதன் முன்னால் நிச்சயதார்த்தம் முடிந்த ஜோடிகள், கல்லூரி மாணவர்கள், பெங்களூரிலிருந்து இரவோடு இரவாகக் கார் ஓட்டி வந்தவர்கள். ரோமன் ரோலண்ட் வீதி, செயின்ட் லூயி வீதி என்று பக்கத்தில் இன்னும் நாலைந்து தெருக்கள். புதுச்சேரி என்றதும் நாடெங்கும் நினைவுக்கு வரும் படம் இந்தச் சில தெருக்களில் எடுத்ததுதான்.

அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரம் நடந்து பெரிய வாய்க்காலைத் தாண்டினால் வைசியாள் வீதி, ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி, பெருமாள் கோயில் வீதி. கேமராக்கள் சட்டென்று குறைந்துவிடும். ஆனால் கட்டடக் கலைக்கு இந்த ஊர் சொந்தமாக ஏதாவது கொடுத்திருக்கிறது என்றால், அது இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. கீழ்த்தளம் தமிழ் வீடு. மேல்தளம் பிரெஞ்சு வீடு. ஒட்டுப் போட்ட தடம் தெரியாமல் இரண்டும் ஒரே வீடாக நிற்கின்றன. இப்படிப்பட்ட வீடுகள் தெருத் தெருவாகத் திரண்டு ஒரு நகரமாகவே நின்ற ஊர் புதுச்சேரி.

பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸுக்கும் இப்படிச் சொந்தமான ஒரு முகம் உண்டு. அதன் பெயர் ஆர்ட் நூவோ. 1893-இல் விக்டர் ஓர்தா என்ற கட்டடக் கலைஞர் அங்கே தாஸ்ஸெல் என்பவருக்கு ஒரு வீடு கட்டினார். உள்ளே இரும்புத் தூண் மேலே போய்க் கொடியாகச் சுருள்கிறது. அதே சுருள் படிக்கட்டின் கைப்பிடியிலும் சுவர் ஓவியத்திலும் தரைப் பதிப்பிலும் ஓடுகிறது. கிரேக்கத் தூண்களையும் கோத்திக் வளைவுகளையும் திரும்பத் திரும்ப நகலெடுத்துச் சலித்திருந்த ஐரோப்பாவில் இந்தப் புதுமை வேகமாகப் பரவியது. 1900-இல் பாரிஸ் மெட்ரோ ரயிலின் வாசல்களை எக்தோர் கிமார் தண்டும் மொட்டுமாக இரும்பில் வார்த்தார். லாட்வியாவின் ரீகா நகர மையத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு கட்டடம் இந்த வகை. தமிழ்நாட்டுக்கும் இதன் துளி வந்து சேர்ந்தது. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கப்பலேறி வந்த பளபளப்பான பூ ஓடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வளைவுகள் பழக்கமானவை.

ஒரு தலைமுறைக்குள் ரசனை மாறிவிட்டது. கொடிகளும் மொட்டுகளும் பழம்பஞ்சாங்கம் ஆயின. 1899-இல் தொழிலாளர் கட்சிக்காக ஓர்தா கட்டி முடித்த ‘மக்கள் இல்லம்’, உலகெங்குமிருந்து கட்டடக் கலைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் 1965-இல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது ஓர் அலுவலகக் கோபுரம். ரீகாவின் வரலாற்று நகர மையத்துக்கு யுனெஸ்கோவின் உலக மரபுத் தகுதி 1997-இல் கிடைத்தது. ஓர்தாவின் நான்கு வீடுகளுக்கு அது 2000-இல் வந்தது. புதுச்சேரியின் மேற்குப் பகுதி இன்னும் 1965-க்கும் 2000-க்கும் நடுவில் எங்கோ நின்றுகொண்டிருக்கிறது. இடிப்பவர்களும் இருக்கிறார்கள், காப்பாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். யார் முந்துவார்கள் என்பதுதான் கேள்வி.

பிரெஞ்சுக்காரர்கள் போட்ட நகரம் என்று இதைச் சொல்வது வழக்கம். அதில் பாதிதான் சரி. பிரான்சுவா மர்த்தேன் 1674-இல் இங்கே பிரெஞ்சுக் கம்பெனியைக் காலூன்றச் செய்தார். 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்துச் சில ஆண்டுகள் வைத்திருந்தார்கள். ஒன்றையொன்று நேராக வெட்டிச் செல்லும் தெருக்களுக்கான வரைபடம் அவர்கள் காலத்தில் தயாரானது. ஊர் திரும்பக் கைக்கு வந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கோடுகளின் மேலேயே வளர்த்தார்கள். கடலோரத்தில் ஐந்து முனைகளோடு செயின்ட் லூயி கோட்டை எழுந்தது. கோட்டையையும் வெள்ளையர் வீடுகளையும் தமிழர் குடியிருப்பிலிருந்து பிரித்துக் காட்டும் கோடாக வாய்க்கால் அமைந்தது.

1761 ஜனவரியில் எயர் கூட் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படையிடம் ஊர் விழுந்தது. பிடித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார்கள், கவர்னர் மாளிகை உட்பட நகரத்தை இடித்துத் தள்ளினார்கள். கோட்டை இருந்த இடம்தான் இன்றைய பாரதி பூங்காவும் அதன் சுற்றுப்புறமும். சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு 1765-இல் பிரெஞ்சுக் கவர்னராக லா தெ லோரிஸ்தோன் வந்து, பூர்சே என்ற பொறியாளரைக் கொண்டு ஊரைத் திரும்பக் கட்டத் தொடங்கினார். ஆகவே துய்மா வீதியின் எவ்வளவு பழைய வீடும் அந்த மறுபிறப்புக்குப் பின் வந்ததாகவே இருக்கும்.

அதற்கு முந்திய வீடு பார்க்க வேண்டுமானால் மேற்கே போக வேண்டும். ரங்கப்பிள்ளை வீதியில், பெரிய மார்க்கெட்டின் பக்கத்தில், ஆனந்தரங்கப்பிள்ளையின் மாளிகை இருக்கிறது. டூப்ளே கவர்னராக இருந்தபோது துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிக முகவருமாக, விளங்கியவர், 1736 முதல் கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதியவர். ஊர் விழுவதற்குச் சில நாள் முன்பு, 1761 ஜனவரி 12 அன்று, அவர் காலமானார். 1738-இல் கட்டப்பட்ட அவர் வீடு தப்பி நிற்கிறது. முற்றத்தைச் சுற்றிக் கீழ்த்தளத்தில் வேலைப்பாடு செய்த மரத்தூண்கள், நம் ஊர்ப் பெரிய வீடுகளில் இருப்பதுபோல. தலையை நிமிர்த்தினால் மேல்தளத்தில் வெள்ளைச் சாந்து பூசிய ஐரோப்பியத் தூண்கள் வரிசை. புதுச்சேரி வீட்டின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு முற்றத்தில் எழுதியிருக்கிறது.

அந்த இலக்கணம் புரிய, இரு தரப்பு வீடுகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கிழக்கே, பிரெஞ்சு வீடு தெருவுக்கு முதுகைக் காட்டுகிறது. உயர்ந்த மதில், பெரிய வாயில், உள்ளே தோட்டம், அதற்குப் பின்னால் தூண்கள் வைத்த முகப்பு. வீட்டின் அழகெல்லாம் உள்ளே இருப்பவர்களுக்கு. தெருவில் நடப்பவருக்குக் கிடைப்பது மதிலும், சுவரிலிருந்து லேசாகப் புடைத்து நிற்கும் பட்டைத் தூண்களும், நீண்ட ஜன்னல்களில் மரத்தாலான லூவர் கதவுகளும்தான்.

மேற்கே எல்லாம் தலைகீழ். தமிழ் வீடு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. முதலில் மரக்கால்களில் ஓட்டுக் கூரை தாங்கிய தாழ்வாரம். அது வழிப்போக்கருக்கு, வெயிலுக்கோ மழைக்கோ யாரும் ஒதுங்கலாம். அடுத்தது திண்ணை, வீட்டுக்காரரும் வந்தவரும் உட்கார்ந்து பேசும் இடம். பிறகு கனத்த நிலையும் செதுக்கு வேலை செய்த கதவும். கதவைத் தாண்டி ரேழி, கூடம், வானம் திறந்த முற்றம். தெருவில் தொடங்கும் பொது இடம் படிப்படியாகக் குடும்பத்துக்குரிய இடமாக மாறுகிறது. ஒரு வீட்டின் தாழ்வாரம் அடுத்த வீட்டின் தாழ்வாரத்தோடு சேர, தெரு முழுக்க நிழல் நடைபாதை உருவானது. நகராட்சி போட்டுத் தராத நடைபாதை அது.

வியாபாரத்திலும் கம்பெனித் தொடர்பிலும் வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் மாடி எழுப்ப நினைத்தபோது கீழே எதையும் மாற்றவில்லை. தாழ்வாரமும் திண்ணையும் அப்படியே இருந்தன. மேலேதான் அரைவட்ட வளைவு ஜன்னல்களும் லூவர் கதவுகளும் சாந்துத் தூண்களும் வந்தன. மொட்டை மாடியைச் சுற்றிக் குட்டைத் தூண்கள் கோத்த கைப்பிடிச் சுவரும் எழுந்தது. கிழக்கே துரைமார்களுக்குக் கட்டிய கைகளும் இங்குள்ள கொத்தனார்களின், தச்சர்களின் கைகள்தாம். ஆகவே பாணி வாய்க்காலைத் தாண்டி வர யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. எதிர்த் திசையிலும் அது பயணம் செய்தது. துய்மா வீதியில் நாம் படம் எடுக்கும் ‘பிரெஞ்சு’ வீட்டின் கூரையும் பூச்சும் தமிழ்நாட்டுத் தொழில்நுட்பம்.

அந்தக் கூரையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். தேக்கு உத்திரங்களின் மேல் நெருக்கமாக மரக்கட்டைகளைப் பரப்புவார்கள். அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில், சாய்வு வரிசைகளாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான அடுக்கு. அது சும்மா காய்வதில்லை. மரக்கட்டைகளால் நாள் கணக்கில் அடித்து இறுக்க வேண்டும். அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இரும்போ சிமென்ட்டோ இல்லாத இந்தக் கூரை நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் தாங்கியிருக்கிறது. வெயிலின் சூடு அறைக்குள் இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

பூச்சு வேலையின் உச்சத்தைப் பார்க்க துய்மா வீதியிலேயே கப்ஸ் கோயிலுக்குள் போகலாம். பிரெஞ்சில் நோத்ர் தாம் தெஸ் ஆன்ஷ் என்று அழைக்கப்படும் இந்தத் தேவாலயத்தின் இன்றைய கட்டடம், லூயி கேர் என்ற பொறியாளரின் மேற்பார்வையில் 1855-இல் நிறைவடைந்தது. உள்சுவர்களைத் தொட்டால் சலவைக்கல்போல் குளிர்கிறது. அது கல்லல்ல, சுண்ணாம்பு. சிப்பியைச் சுட்டு அரைத்த சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசி, ஈரம் போவதற்குள் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. வடிவம் ஐரோப்பாவினுடையது, மேற்பரப்பு முழுக்க இந்த மண்ணின் கைவேலை.

காலவரிசையில் கடைசியாக வந்த ஐரோப்பியப் பாணியும் இந்த ஊரில் இதே பாடத்தைப் படித்தது. ஆர்ட் நூவோவுக்கும் புதுச்சேரிக்கும் இருக்கும் நேரடி இழையும் அதில்தான் கிடைக்கிறது. செக் நாட்டு பிராக் நகரில், ஆர்ட் நூவோவின் பெருமைகளில் ஒன்றான நகராட்சி மாளிகை 1905-க்கும் 1912-க்கும் இடையே எழுந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டுகளில் அதே ஊரில் கட்டடக் கலை படித்துக்கொண்டிருந்த இளைஞர் அன்டோனின் ரேமண்ட். பிறகு அமெரிக்கா போய், ஃபிராங்க் லாயிட் ரைட்டோடு டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக ஜப்பான் சென்று, அங்கேயே தங்கித் தனியாகத் தொழில் நடத்தினார். பூவும் கொடியும் நிறைந்த பிராக்கிலிருந்து புறப்பட்டவர், அலங்காரம் எதுவுமற்ற கான்கிரீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

ஜப்பானில் அவருக்குப் பழக்கமான பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவர் பின்னாளில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் பவித்ராவாக வாழ்ந்தார். அந்தத் தொடர்பில் ஆசிரமவாசிகளுக்கான விடுதி ஒன்றை வடிவமைக்கும் பணி 1935 வாக்கில் ரேமண்டிடம் வந்தது. ஹைதராபாத் திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாம் அரசிடமிருந்து ஒரு லட்ச ரூபாய் கிடைத்தது. அந்த நன்றியில் கட்டடத்துக்குக் ‘கோல்கொண்டா’ என்று பெயர் வைத்தார்கள். களத்தில் நின்று கட்டியவர் ஜார்ஜ் நகாஷிமா. பிற்காலத்தில் மரச்சாமான் வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்ற அதே நகாஷிமா. அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் லெ கொர்பூசியேயிடம் வேலை பார்த்திருந்த செக் நாட்டவர் ஃபிரான்டிஷெக் சாமர். போர்க்கால நெருக்கடிகளுக்கு நடுவே, 1945 வரை இழுத்து, கட்டி முடித்தார்கள். இந்தியாவில் வலுவூட்டிய கான்கிரீட்டில் எழுந்த முதல் நவீனக் கட்டடங்களில் ஒன்று இது.

கோல்கொண்டாவுக்கு வழக்கமான ஜன்னல் கிடையாது. நீண்ட முகப்பு இரண்டும் வடக்கையும் தெற்கையும் நோக்குகின்றன. அவை முழுவதும் கிடைமட்ட லூவர் பலகைகள். திருப்பினால் காற்று வரும், மூடினால் மழை நிற்கும். அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே தேக்குச் சட்டங்களில் இடைவெளி விட்ட நகர்த்தும் கதவுகள். கதவைச் சாத்தினாலும் காற்று தங்குதடையின்றி ஓடும். தரையில் கடப்பைக் கல். சுவரில் சுண்ணாம்புப் பூச்சு. கூரை இரண்டு அடுக்கு, நடுவில் காற்றிடை. கதவுகளுக்கான பித்தளைப் பிடிகளும் கீல்களும் அன்பர்கள் கொடுத்த வீட்டுப் பாத்திரங்களை உருக்கி வார்த்தவை. லூவர், தாழ்வாரம், சுண்ணாம்பு, சூட்டைத் தடுக்கும் கனத்த கூரை: இவற்றில் எது புதிது? இருநூறு ஆண்டாக வாய்க்காலின் இரு கரையிலும் கொத்தனார்கள் செய்துவந்ததைத்தான் ரேமண்டும் கான்கிரீட்டில் செய்தார். மின்விசிறியை நம்பாமல் ஒரு கட்டடம் இந்தக் கடற்கரை வெப்பத்தை எப்படிச் சமாளிக்கலாம் என்று கற்க விரும்பும் ஒவ்வொரு கட்டடக் கலை மாணவரும் முன் அனுமதி வாங்கியாவது ஒரு முறை பார்க்க வேண்டிய இடம் இது.

இவ்வளவு தாங்கிய கட்டடங்கள் இப்போது ஏன் விழுகின்றன? காரணம் பெரும்பாலும் தண்ணீர். மெட்ராஸ் டெரஸில் மயிரிழை விரிசல் விட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனைதான் முதலில் உளுக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ‘நன்றாக இருக்கட்டும்’ என்று சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசிவிடுவது இன்னும் மோசம். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். கடலோர உப்பு அந்த ஈரத்தோடு சேர்ந்து செங்கல்லைப் பொடியாக்கும். நல்ல எண்ணத்தில் செய்த பழுதுபார்ப்பே பல வீடுகளுக்கு எமனாகியிருக்கிறது.

கடற்கரைச் சாலையில் 1870-களின் தொடக்கத்திலிருந்து நின்ற மேரி கட்டடம், பழைய நகராட்சி அலுவலகம், 2014 நவம்பர் 29 அன்று மழைக்காலத்தில் இடிந்து விழுந்தது. அரசுக் கட்டடம், அனைவரும் அறிந்த கட்டடம், சீரமைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்த கட்டடம். உலக வங்கி நிதியில் பழைய தோற்றத்திலேயே திரும்ப எழுப்பி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். முகம் திரும்பி வந்தது நல்ல செய்தி. ஆனால் நூற்று நாற்பது ஆண்டு வயதான மரமும் சுண்ணாம்பும் திரும்ப வரவில்லை.

அரசுக் கட்டடத்துக்கே இந்தக் கதி என்றால், மேற்குப் பகுதி வீட்டுக்காரரின் நிலை என்ன? அவருக்கு இது மரபுச் சின்னமல்ல, பங்கு பிரிக்க வேண்டிய தாத்தா வீடு. அண்ணன் தம்பிகள், பாரிசிலோ அதன் புறநகரிலோ குடியேறிவிட்ட சித்தப்பா பிள்ளைகள் என்று உரிமைக்காரர்கள் பலர். மராமத்துச் செலவைப் பகிர யாரும் முன்வராதபோது, இடித்து நாலு மாடி கட்டலாம் என்று வரும் பில்டரின் காசோலை எல்லாருக்கும் ஒரே நாளில் தீர்வு தருகிறது. நேரு வீதியையும் காந்தி வீதியையும் ஒட்டிய இடங்களில் மனை விலை ஏறியதும் இதற்குத் துணை. 1990-களில் மரபுப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு ஊரின் மரபுக் கட்டடங்களைப் பட்டியலிட்டது. அதன் பிறகு பல நூறு கட்டடங்கள் மறைந்துவிட்டன. அதிகம் இழந்தது தமிழ்ப் பகுதி. சுற்றுலாப் பயணிகள் வரும் கிழக்கில் ஒரு சுவர் விழுந்தால் செய்தி. மேற்கில் ஒரு திண்ணை போனால் அந்தத் தெருவுக்கு மட்டும் தெரியும்.

இது நியாயமில்லை. பட்டைத் தூணும் மதிலும் பிரான்சின் எத்தனையோ ஊர்களில் இருக்கின்றன. தாழ்வாரத்தின் மேல் வளைவு ஜன்னல் உட்கார்ந்த வீட்டை இழந்தால், ஈடுகட்ட வேறு ஊர் கிடையாது.

காப்பாற்ற முடியும் என்பதற்கு வைசியாள் வீதி சாட்சி. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா ஊர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பீனோவும் பிரான்சின் வில்நெவ்-சுர்-லோவும் கூட்டாளிகளாக இருக்க, 2000-களின் தொடக்கத்தில் இந்தத் தெருவின் முகப்புகளைச் சீரமைத்தார்கள். தனித்தனி வீடாக எடுக்காமல் தெருவை முழுதாக எடுத்துக்கொண்டதுதான் அதன் சிறப்பு. ஏனென்றால் தாழ்வாரம் தனி வீட்டுச் சொத்தல்ல. நடுவில் ஒன்று போனாலும் நிழல் அறுந்துவிடும். காணாமற்போன தாழ்வாரங்கள் திரும்ப எழுந்தன, சிமென்ட் பூச்சு இருந்த இடத்தில் சுண்ணாம்பு வந்தது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது இந்தத் தெருவைத் தேடி வந்தது. பக்கத்து வீடுகளில் சில சிறிய ஹோட்டல்களாகி, முற்றத்தில் சாப்பாடு போட்டு, தங்கள் மராமத்துச் செலவைத் தாங்களே சம்பாதிக்கின்றன. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களுக்கும் தொடர்ந்து வேலை கிடைக்கிறது. மற்றத் தெருக்களின் உரிமையாளர்களுக்கு வேண்டியவையும் இவைதாம்: சொத்து வரியில் சலுகை, மராமத்துக்கு மானியம், கூப்பிட்டால் வரக்கூடிய சுண்ணாம்புக் கொத்தனார். நாலு மாடி கட்டாமல் விட்டுக்கொடுக்கிறவரிடம் ஊரின் அழகுக்கான செலவு முழுவதையும் சுமத்துவது முறையல்ல.

அடுத்த முறை புதுச்சேரி போகிறவர்கள் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் தொடங்கலாம். 1908-இல் இந்த ஊருக்கு வந்து பத்தாண்டுகள் வாழ்ந்த பாரதி குடியிருந்த வீடு அங்கே நினைவில்லமாக இருக்கிறது. தெருவிலிருந்து முற்றம்வரை போய்ப் பார்க்கலாம். பாரதிதாசன் வீடு பெருமாள் கோயில் வீதியில், 95-ஆம் எண். இரண்டையும் பார்த்து, வைசியாள் வீதியை முழு நீளத்துக்கும் நடந்துவிட்டு, தெற்கே ரங்கப்பிள்ளை வீதிக்கு இறங்கினால் 1738-ஆம் ஆண்டு வீடு. எல்லாம் நடை தூரம்தான். மேல்தளத்தின் வேலைப்பாடு தெரிய எதிர்ச் சிறகில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். கீழ்த்தளத்தில் இன்று பல இடங்களில் கடைப் பலகைகள் தாழ்வாரத்தை மறைத்திருக்கின்றன.